சங்கு ஊதினால் நிமிரும் தலை

சர்க்கரை மாத்திரை வாங்கப் போன இடத்தில் இந்த வேலை என் தலையில் விழுந்தது.

எங்கள் தொழிற்சாலை ஆஸ்பத்திரியில் இப்போது ‘ஆலோசகர்’ என்று பலகை போட்ட ஓர் அறை இருக்கிறது. உள்ளே காயத்ரி என்று ஒரு பெண். நடக்க முடியாத, பேச வராத, வலிப்பு வருகிற பிள்ளைகளைப் பெற்றவர்கள் பெரிய டாக்டரிடம் போவதற்கு முன்னால் இந்தப் பெண்ணின் எதிரே உட்கார வேண்டும். டாக்டரிடம் எதைச் சொல்வது, எதைக் கேட்பது என்று பேசித் தயார் செய்து அனுப்புவார். அறையில் ஏ.சி. உண்டு. சுவரில் சிரிக்கிற குழந்தைகளின் படம் உண்டு. என் காலத்தில் சுவரில் ‘எச்சில் துப்பாதீர்’ மட்டும்தான் இருந்தது.

“இதே வேலைய நீங்க வராந்தாவுல வச்சுப் பண்ணீங்களாமே சார்? எங்க ட்ரெயினிங் எடுத்தீங்க?” என்று கேட்டார்.

“லாரியில்” என்றேன்.

அதையும் எழுதிக்கொண்டார். அப்புறம் பேனாவை வைத்துவிட்டு, “எவ்வளவு சொல்லிக்கொடுத்து அனுப்பினாலும் உள்ள போய் ‘நார்மல்’னு சொல்லிட்டு வந்துடறாங்க சார்” என்று அலுத்துக்கொண்டார். எனக்கு ஒரு நிம்மதி. கட்டடத்துக்கு வெள்ளையடித்திருந்தாலும் தொழிற்சாலை மாறவில்லை. “எழுதிக் கொடுங்க சார்” என்றார். எழுதுகிறேன்.

லாரி என்றது பொய் இல்லை. கோவில்பட்டியில் எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடமும் நானும் ஒருவரையொருவர் கைவிட்டோம். தீப்பெட்டி ஆபீஸ், மதுரையில் ஹோட்டலில் மேஜை துடைத்தது, ஒரு சர்க்கஸில் கூடாரக் கம்பு நட்டது, அப்புறம் நாக்பூர் ரூட் லாரியில் கிளீனர். ஒரு தடவை செகந்திராபாத் தாண்டி லாரியின் அச்சு முறிந்தது. சாமான் வாங்கி வருகிறேன் என்று போன டிரைவர் இன்னும் வரவில்லை. பசித்தது. சனத்நகர் பக்கம் ஏதோ பெரிய கட்டடம் எழும்புகிறது, மணல் சுமக்க ஆள் எடுக்கிறார்கள் என்றார்கள். சுமந்தேன். கட்டி முடித்ததும்தான் அது ஆஸ்பத்திரி என்று தெரிந்தது. மேஸ்திரி ஆட்களோடு அடுத்த ஊருக்குப் போய்விட்டார். நான் என்னமோ மிஞ்சிவிட்டேன்.

அட்டெண்டர் வேலைக்கு நேர்முகத் தேர்வு நடந்தது. “எத்தனை பாஷை தெரியும்?” என்று கேட்டார்கள். “பேசவா, திட்டவா?” என்று கேட்டேன். அந்த ஒரு கேள்விக்கே வேலை கிடைத்தது. தமிழ், தெலுங்கு, மலையாளம், இங்கே உள்ளவர்கள் பேசுகிற உருது எல்லாம் லாரி கொடுத்த சொத்து. குழந்தைகள் டாக்டரின் வாசலில் நிற்க அப்படி ஒரு ஆள்தான் அவர்களுக்கு வேண்டியிருந்தது.

அந்த டாக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். நாங்கள் பெரிய டாக்டர் என்போம். ஆள் குள்ளம், அது எங்களுக்குத் தெரிந்ததே வெகு காலம் கழித்துத்தான், ஏனென்றால் அவர் எழுந்து நின்று பார்த்தவர்கள் குறைவு. காலையில் வந்து உட்கார்ந்தால் தலை கேஸ் ஷீட்டின் மேல் கவிழும். அப்புறம் அது நிமிராது. வலது கை எழுதும். இடது கை அடுத்த தாளுக்காக நீளும். குழந்தை அழுதாலும், அப்பா கும்பிட்டாலும், அம்மா காலில் விழுந்தாலும் அவருடைய உச்சந்தலைதான் பதில் சொல்லும். “ம். சொல்லுங்க.” “ம். அப்புறம்.” “ம். அடுத்த மாசம்.” மெட்ராஸில் படித்தவர், அதனால் தமிழ் நன்றாக வரும். கோபத்துக்கு மட்டும் இங்கிலீஷ். அவரிடம் வருஷக்கணக்காக வந்த தாய்மார்களுக்கு அவர் வழுக்கையில் எந்த இடத்தில் மச்சம் இருக்கிறது என்று தெரியும். முகத்தைக் காட்டி யார் என்று கேட்டால் முழித்திருப்பார்கள்.

கெட்டவர் இல்லை. லஞ்சம் கிடையாது, லீவு கிடையாது. மருந்தும் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். சொன்ன நோய்க்குச் சரியான மருந்து கொடுப்பார். சொல்லாத நோய்க்குத்தான் அவரிடம் மருந்து இல்லை.

அங்கேதான் சிக்கல். எங்கள் ஆட்கள் நோயைச் சொல்ல மாட்டார்கள்.

ஜெனரல் மேனேஜர் வேலை நடக்கிற ஷாப்புக்குள் வந்து “எப்படி இருக்கு?” என்று கேட்டால், கிரேன் அறுந்து தொங்கிக்கொண்டிருந்தாலும் “நார்மல் சார்” என்பதுதான் தொழிற்சாலை வழக்கம். வேறு பதில் சொன்னவன் அடுத்த மாதம் வேறு ஊரில் இருப்பான். இருபது வருஷம் அப்படிச் சொல்லிப் பழகிய நாக்கு, ஆஸ்பத்திரிக்கு வந்தால் திருந்துமா? மகனுக்கு நாள் தவறாமல் வலிப்பு. டாக்டரின் உச்சந்தலை “எப்படி இருக்கான்?” என்று கேட்கும். லேத் ஆபரேட்டர் விறைப்பாக நின்று, “பாகுந்தி சார், நார்மல்!” என்பார். டாக்டர் ‘நார்மல்’ என்று எழுதுவார். வெளியே வந்ததும் வராந்தா பெஞ்சிலேயே பையனுக்கு வெட்டி இழுக்கும். நான் உள்ளே ஓடிப்போய்ச் சொன்னால், “உள்ளே இருக்கும்போது வரவில்லையே மேன்?” என்பார். பையனுக்கு ஒழுங்கு போதாது என்கிற மாதிரி.

தாய்மார்கள் வேறு வகை. டாக்டரிடம் காட்டப் போகிறோம் என்றால் பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காட்டுகிற மாதிரி பிள்ளையை அலங்கரிப்பார்கள். பவுடர், மை, தீபாவளிச் சட்டை. சூம்பின காலை நீளமான கால்சட்டைக்குள் மறைத்துவிடுவார்கள். வயிறு நிறையப் பாலைக் கொடுத்துத் தூங்கவைத்துத் தூக்கி வருவார்கள். ஃபவுண்டரியில் வேலை பார்த்த ஒருவரின் சம்சாரம், பிள்ளை தலையைச் சுவரில் முட்டிக்கொண்ட காயத்தைத் தொப்பி போட்டு மறைத்திருந்தது. எடுங்க என்றேன். “நக்கோ பாய், வேண்டாம், டாக்டர் சாபுக்குக் கோபம் வரும்” என்றது. காயத்தைக் காட்டினால் டாக்டருக்குக் கோபம் வரும் என்று உலகத்தில் வேறு எங்கே நினைப்பார்கள்?

அப்படியே வாயைத் திறந்தாலும் கல்யாணத்திலிருந்து ஆரம்பிப்பார்கள். மாமியார், பிரசவம், நாத்தனார், ஊரில் அம்மன் கோயில் நேர்த்திக்கடன் என்று வந்து பிள்ளையைத் தொடுவதற்குள் டாக்டர் மருந்து எழுதி முடித்திருப்பார்.

அதனால் நான் ஒரு கடை போட்டேன். வராந்தாவின் கோடியில் ஸ்ட்ரெச்சர் போட்டுவைக்கிற அறை. அதில் ஒரு வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்து, மடியில் ஒரு பழைய அட்டையை வைத்துத் தலையைக் கவிழ்த்துக்கொள்வேன். அப்போது நான் பெரிய டாக்டர்.

“ம். சொல்லுங்க.”

“எனக்குக் கல்யாணம் ஆகி…”

“ம். அடுத்த மாசம் வாங்க.”

“ஐயோ, நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே!”

“அவர் முடிச்சிட்டாரே அம்மா. மறுபடி சொல்லுங்க.”

இப்படி அடித்து அடித்து மூன்று வாக்கியத்துக்குக் கொண்டுவருவேன். பிள்ளைக்கு என்ன செய்கிறது, எப்போதிலிருந்து, இன்றைக்கு உங்களுக்கு என்ன வேண்டும். பவுடரைத் துடைப்பேன். கால்சட்டையை மடித்துவிடுவேன். ‘வெள்ளை மாத்திரை’ என்று சொல்லாமல் பாட்டிலையே கையில் கொடுத்து அனுப்புவேன். அப்பாமார்களுக்கு ஒரு தனி வைத்தியம் வைத்திருந்தேன். பிள்ளையோடு பகலெல்லாம் கிடக்கிறவள் அம்மா. உள்ளே போய் ‘நார்மல்’ சொல்கிறவர் அப்பா. அதனால் நேரம் பார்த்து, “சார், இந்தத் தாளில் பார்மசி ஸ்டாம்ப் இல்லையே, வாங்கிட்டு வந்துடுங்க” என்று அனுப்பிவிடுவேன். பார்மசியில் அப்படி ஒரு ஸ்டாம்பே கிடையாது. ஆனால் ஸ்டாம்ப் இல்லை என்றால் எங்கள் ஆட்கள் கேள்வி கேட்க மாட்டார்கள். வரிசையில் நின்று, ஜன்னலை நெருங்கி, இல்லை என்று கேட்டு, நம்பாமல் இன்னொரு ஜன்னலில் நின்று திரும்புவதற்குள் உள்ளே அம்மா பேசி முடித்திருப்பாள்.

இந்த முறையில் நிறையப் பேருக்குக் காரியம் ஆயிற்று. ஒருத்தரிடம் மட்டும் தோற்றது.

பழனிச்சாமி என்று ஓர் ஆபீசர். கோயமுத்தூர்ப் பக்கம். தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு. எங்கள் தொழிற்சாலையில் செய்கிற உருளையில் முடியளவு கோணல் இருந்தால் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பிவிடுவார் என்று பெயர். சம்சாரம் சரஸ்வதி. ஒரே பெண் சுமதி, ஆறு வயது, துறுதுறுவென்ற கண். பேச்சு இல்லை. அம்மா, தா, இந்த இரண்டு மூன்று வார்த்தைகள், அதுவும் மழுங்கலாக. தொழிற்சாலைப் பள்ளிக்கூடத்தில், பாடம் ஏறவில்லை, டாக்டரிடமிருந்து தாள் வாங்கி வந்தால்தான் அடுத்த வகுப்பு என்று சொல்லிவிட்டார்கள்.

முதல் தடவை பழனிச்சாமி சார்தான் பேசினார். எனக்கு அவரை ஸ்டாம்புக்கு அனுப்ப வாய்க்கவில்லை. “பொண்ணு நார்மல் சார். கொஞ்சம் பிடிவாதம். எதுக்கும் பயப்படமாட்டா. ஃபேக்டரிச் சங்கு ஊதினாக்கூடத் திரும்பிப் பாக்க மாட்டா சார்!” என்றார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. டாக்டர் தலை நிமிராமலே மேஜையில் சாவிக்கொத்தைப் போட்டார். சுமதி டக்கென்று சாவியைப் பார்த்தாள். “காது கேட்கிறது” என்று எழுதினார். மூளை வளர்ச்சி போதாது என்று சந்தேகம், இரண்டு மாதம் பார்ப்போம் என்றும் எழுதினார்.

வெளியே வந்ததும் சரஸ்வதி என்னிடம், “செல்லையாண்ணா, அவ மேசை மேல கைய வச்சிருந்தாளுங்க. அதிர்ச்சி கையில தெரிஞ்சிருக்குமுங்க. இவளுக்குக் காதுதானுங்க கேக்கல. ரெண்டரை வயசுல காய்ச்சல் வந்து கிடந்தா, அதுக்கப்புறந்தானுங்க இப்படி. புத்தியெல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது” என்றார்.

“அதை உள்ளயே சொல்லியிருக்கலாமே அம்மா?”

“இவரு பேசுறப்ப நான் எங்கீங்க பேசறது?”

இரண்டாம் தடவைக்கு நான் வரிந்து கட்டிக்கொண்டு தயார் செய்தேன். பழனிச்சாமி சாரை ஸ்டாம்புக்கு அனுப்பினேன். வாளியில் உட்கார்ந்து அந்த அம்மாவை எத்தனையோ முறை பேசவைத்தேன். பி.எஸ்ஸி. கணக்குப் படித்தவர், பிசிறில்லாமல் மூன்று வாக்கியம். உள்ளே போய் அப்படியே சொன்னார். ரெண்டரை வயதில் காய்ச்சல், அதன் பிறகு பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை, காதுப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுக்க வேண்டும்.

டாக்டரின் பேனா நின்றது. ஆகா, பலித்தது என்று நினைத்தேன். உச்சந்தலை கேட்டது: “நீங்க நர்சா?”

“இல்லீங்க.”

“அப்ப யார் சொல்லிக் கொடுத்து அனுப்பினது? அம்மா மாதிரியே பேசலையே. அழக்கூட இல்லையே.” எழுத ஆரம்பித்தார். “தாய்க்கு மனக்கவலை அதிகம். டானிக் தரேன், உங்களுக்கு. ரெண்டு வேளை, சாப்பாட்டுக்கு அப்புறம்.”

பிள்ளைக்காக வந்தவர் கையில் தனக்கு டானிக் பாட்டிலோடு வெளியே வந்தார். அதைவிட மோசம், தாளில் இருந்தது. மூளை வளர்ச்சிக் குறைவு; அடுத்த தடவை, இப்படிப்பட்ட பிள்ளைகளை வைத்துப் பார்க்கிற விடுதிக்குச் சிபாரிசு. விடுதி வேறு மாநிலத்தில், ரயிலில் ஒரு ராத்திரிப் பயணம். செலவு கம்பெனியுடையது. வருஷத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்க்கலாம். பழனிச்சாமி சார் சம்மதித்துவிட்டார். “கம்பெனியே செலவு பண்ணுதுப்பா செல்லையா, அப்ப நல்ல இடமாத்தான் இருக்கும்” என்றார். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு, சுத்தமாக இருந்த மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

அடுத்த வியாழக்கிழமை சரஸ்வதி பெண்ணைத் தூக்கிக்கொண்டு வந்தார். முறை இல்லை, சீட்டு இல்லை. “சும்மா உக்காந்துக்கறனுங்க” என்று, கதவு திறந்தால் டாக்டர் தெரிகிற பெஞ்சில் உட்கார்ந்தார். நான் ஒவ்வொருவராக உள்ளே விடும்போதெல்லாம் கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதற்கடுத்த வாரமும் வந்தார். மூளை கலங்கிவிட்டது என்று ஆயாக்கள் பேசிக்கொண்டார்கள்.

சாப்பாட்டுச் சங்கு ஊதி ஓய்ந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

“ஏனுங்கண்ணா, சங்கு ஊதறப்ப மட்டும் அவரு தலையத் தூக்கறாருங்களே, பாத்தீங்களா?”

எங்கள் சங்கைப் பற்றிச் சொல்லாமல் இது புரியாது. தொழிற்சாலை கட்டும்போது, எல்லோருக்கும் நடுவில் இருக்கட்டும் என்று சங்கை ஆஸ்பத்திரிக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியின் மேல் வைத்துவிட்டார்கள். நோயாளிக்கு அமைதி தேவை என்று வாசலில் பலகை; கொல்லையில் சங்கு. அது ஊதினால் ஜன்னல் கண்ணாடி நடுங்கும். கைக்குழந்தைகள் வீறிடும். நாங்கள் எல்லாம் பாதிச் சொல்லில் வாயை மூடி, காதில் கை வைத்து நிற்போம். பெரிய டாக்டர் அப்போது ஒரு காரியம் செய்வார். பேனாவை வைப்பார். நிமிர்வார். கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சங்குக்குச் சரியாக முள்ளைத் திருப்பி வைப்பார். எதிரே இருப்பவர்களைச் சும்மா பார்த்துக்கொண்டு, ஓயட்டும் என்று காத்திருப்பார். ஓய்ந்ததும் தலை கவிழ்ந்துவிடும். நானும் அதை வருஷக்கணக்காகப் பார்த்தவன்தான். எனக்கு அந்த நேரத்தில் சோற்று நினைப்பு.

“என்னை அந்த நேரத்துக்கு உள்ள விட்டுருங்கண்ணா. வேற ஒண்ணும் வேண்டாமுங்க” என்றார் அந்த அம்மா. “நான் எதுவும் பேசப் போறதில்லீங்க.”

சுமதியின் சாமர்த்தியம் என்னவென்றால், அவள் அம்மாவின் முகத்தைப் பார்த்தே உலகத்தை நடத்திக்கொண்டிருந்தாள். அம்மா கண் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் திரும்புவாள். அம்மா திடுக்கிட்டால் இவளும் திடுக்கிடுவாள். டாக்டர் எத்தனை சாவியைப் போட்டாலும் அம்மா முகம் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் தயார் செய்யவேண்டியது அம்மாவின் முகத்தைத்தான். என் கடையில் இப்படி ஒரு சரக்கை நான் விற்றதே இல்லை. அடுத்த முறை வரும் வரை இருந்த இரண்டு வாரமும் சங்கு நேரத்துக்கு ஸ்ட்ரெச்சர் அறைக்கு வந்து வாளிக்கு எதிரே உட்கார்வார். சங்கு அலறும். நான் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

“இமை ஆடிருச்சு அம்மா.”

மறுநாள்: “தோள் தூக்கிருச்சு.”

இன்னொரு நாள், “இன்னைக்கு?” என்று கேட்டார். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. “அம்மா, உங்களுக்குக் காது கேக்குதா?” என்றேன். அவர் சிரித்தார். நான் அவர் சிரித்துப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அந்த நாள் வந்தது. என்னிடம் கடிகாரம் கிடையாது. கேன்டீனிலிருந்து சாம்பார் அண்டாவை வைத்துத் தள்ளிக்கொண்டு போகிற வண்டி வராந்தாவைக் கடக்கும். அது போய்க் கொஞ்ச நேரத்தில் சங்கு. அதுதான் என் கணக்கு. பழனிச்சாமி சாரை ஸ்டாம்புக்கு அனுப்பினேன். “போன தடவையே இல்லைன்னாங்களேப்பா” என்றவரிடம், “இப்ப புதுசா வந்திருக்கு சார்” என்றேன். வண்டி உருண்டு போயிற்று. “போங்கம்மா” என்று உள்ளே விட்டுப் பின்னாலேயே கேஸ் ஷீட்டோடு போய் நின்றேன்.

அன்றைக்கு டெல்லியிலிருந்து ஏதோ ஒரு கமிட்டி வந்திருந்தது, அவர்களுக்குச் சாப்பாடு முன்கூட்டியே போயிற்று என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. வண்டி சீக்கிரம் வந்துவிட்டது. சங்கு ஊதுகிற வழியைக் காணோம்.

சரஸ்வதி பெண்ணை மடியில் உட்கார்த்தி, பாதம் தரையில் படாமல் தூக்கி வைத்துக்கொண்டார். மேஜையிலிருந்து தள்ளி உட்கார்ந்தார். கையில் ஒரு மிட்டாயைக் கொடுத்தார். சுமதி தாளைப் பிரிக்க ஆரம்பித்தாள்.

“ம். அதே கேஸ்தானே. விடுதிக்கு எழுதிடலாம்” என்றது உச்சந்தலை. கை நீண்டது. நான் கேஸ் ஷீட்டைக் கொடுக்கும்போது கீழே போட்டேன். தாள்கள் சிதறின. குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன்.

“வாட் இஸ் திஸ், மேன்?”

“காத்து சார்.”

“மின்விசிறி ஓடவே இல்லையே!”

அதற்குமேல் பொறுக்க ஒன்றும் இல்லை. கொடுத்தேன். எழுத ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்துக் கதவைத் தள்ளிக்கொண்டு பழனிச்சாமி சார் வந்தார். “இப்பவும் அப்படி ஒரு ஸ்டாம்பே இல்லையாம்ப்பா செல்லையா!” போச்சு என்று நினைத்தேன்.

“வாங்க, சரியான நேரம்” என்றார் டாக்டர். “பெற்றோர் சம்மதம். மூணு பிரதியிலும் கையெழுத்துப் போடுங்க.” தாள்களை அவர் பக்கம் தள்ளினார்.

பழனிச்சாமி சார் பேனாவைத் திறந்தார். சரஸ்வதி கணவரைப் பார்க்கவில்லை. பெண்ணையும் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.  பழனிச்சாமி சார் முதல் தாளில் போட்டார். இரண்டாவதில் போட்டார். மூன்றாவது தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

“சார், இது ஏற்கமுடியாது சார்.”

“என்னது?”

“கார்பன் சரியாப் பதியல. கடைசி ரெண்டு வரி மங்கலா இருக்குது. இதுல எப்படிங்க கையெழுத்துப் போடறது? வேற எடுத்துக் கொடுங்க சார்.”

பெற்ற பெண்ணை அனுப்பச் சம்மதித்த மனுஷன், மங்கலான பிரதிக்குச் சம்மதிக்கவில்லை. வாழ்க தரக்கட்டுப்பாடு! பெரிய டாக்டர் முணுமுணுத்துக்கொண்டே புதுக் கார்பனை வைத்து மறுபடி எழுதினார். பழனிச்சாமி சார் ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தார். திருப்தியாகப் பேனாவைத் தாளில் வைத்தார்.

சங்கு ஊதியது.

கண்ணாடி நடுங்கியது. பழனிச்சாமி சார் தோளைக் குறுக்கிக் காதைப் பொத்தினார். பேனா உருண்டது. வெளியே வரிசையில் இருந்த குழந்தைகள் எல்லாம் வீறிட்டன. நான் காதில் கை வைத்தேன். பெரிய டாக்டர் வழக்கம்போல நிமிர்ந்து கடிகாரத்தைக் கழற்றி முள்ளைத் திருப்பினார். திருப்பிவிட்டு எதிரே பார்த்தார்.

சரஸ்வதி கல் மாதிரி இருந்தார். இமைகூட ஆடவில்லை. மடியில் சுமதி, மிட்டாயில் ஒட்டிக்கொண்டிருந்த தாளின் கடைசித் துண்டை நகத்தால் கிள்ளி எடுத்துக்கொண்டிருந்தாள். அது வருவேனா என்றது. நாக்கை ஓரமாக நீட்டிக்கொண்டு, அத்தனை கவனமாக, அத்தனை அமைதியாக எடுத்துக்கொண்டிருந்தாள். அந்த இரைச்சலில் நகரத்திலேயே நிம்மதியாக இருந்த ஆள் அவள்தான்.

சங்கு ஓய்ந்தது. டாக்டரின் தலை கவிழவில்லை.

அவர் எழுந்தார். குள்ளம் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். மேஜையைச் சுற்றிக் குழந்தைக்குப் பின்னால் வந்து, ஒரு தாளைக் காதருகே கசக்கினார். கை தட்டினார். கடைசியில் வெட்கத்தை விட்டு “ஏய்!” என்று கத்தினார். சுமதி மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டாள்.

டாக்டர் எங்கள் மூன்று பேரையும் பார்த்தார். “இதை ஏன் என்கிட்ட யாருமே சொல்லல?” என்றார்.

“சொன்னனுங்க டாக்டர்” என்றார் சரஸ்வதி. “டானிக் கொடுத்தீங்க.”

டாக்டர் மேஜையிலிருந்த மூன்று பிரதியையும் எடுத்து நான்காகக் கிழித்தார். நல்ல கார்பன், வீணாயிற்று. பழனிச்சாமி சார் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் பெண்ணைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி ஜன்னல் பக்கம் போய் நின்றார். வெகு நேரம் நின்றார். ஜன்னலுக்கு வெளியே தண்ணீர்த் தொட்டி தவிர ஒன்றும் இல்லை.

டாக்டர் நகரத்தில் காது பார்க்கிற ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே மெஷினை வைத்துப் பார்த்து, சரஸ்வதி சொன்னதையே இங்கிலீஷில் சொன்னார்கள். காதுக் கருவிக்கு எங்கள் கம்பெனி பணம் ஒதுக்கியது தனிக்கதை. விதிப்படி ஊழியர் குடும்பத்துக்கு மூக்குக்கண்ணாடி கொடுக்கலாம், செயற்கைக் கால் கொடுக்கலாம்; காது என்று ஒரு இனமே இல்லை. மாதக்கணக்கில் யோசித்து, செயற்கைக் கால் என்ற கணக்கில் கொடுத்தார்கள். ஒரு கால்தானா, இரண்டா என்று கேட்டு ஒரு குறிப்பும் வந்தது.

பெரிய டாக்டர் ‘சங்குப் பரிசோதனை’ என்று ஒரு கட்டுரை எழுதி எங்கோ மாநாட்டில் வாசித்துவிட்டு வந்தார். கைதட்டினார்களாம். அதன் பிறகு தொழிற்சாலைக் குழந்தைகளை எல்லாம் சங்கு நேரத்துக்குக் கூட்டிவந்து உட்கார்த்திவைத்தார்கள். எல்லாம் சேர்ந்து அழுகிற சத்தத்தில் சங்கே கேட்கவில்லை. பழனிச்சாமி சார் இனிப்பு கொண்டுவந்து கொடுத்து, “எனக்கு ஆரம்பத்துலயே ஒரு சந்தேகம் இருந்துச்சுப்பா, நம்ம தொழிலே அதுதானே” என்றார். நானும் ஜாங்கிரியை வாயில் போட்டுக்கொண்டு, “நார்மல் சார்” என்றேன்.

என் கடையும் தொடர்ந்து நடந்தது. அதே வாளி, அதே மூன்று வாக்கியம். ஒன்றை மட்டும் சேர்த்துக்கொண்டேன்: அவர் நிமிர்ந்து பார்த்தே ஆகவேண்டிய கேஸ்களைச் சங்கு நேரத்துக்கு உள்ளே விடுவேன். வேறு எந்தப் பாஷையிலும் அந்தத் தலையை நிமிர்த்த முடியவில்லை.

வெகு நாள் கழித்துச் சுமதியைக் கூட்டிக்கொண்டு சரஸ்வதி வந்தார். வேறு யாருக்கோ காய்ச்சல் மருந்து வாங்க. பெண் வளர்ந்திருந்தாள். நெஞ்சில் தீப்பெட்டியைவிடப் பெரியதாக ஒரு பெட்டி, அதிலிருந்து ஒயர், காதில் குமிழ். “மாமாவுக்கு வணக்கம் சொல்லு கண்ணு” என்றார். “வன-கம்” என்றாள், பாறையில் உளி வைத்துக் கொத்துகிற மாதிரி. பதில் வணக்கத்துக்குக் கையைத் தூக்கினேன். அதற்குள் சங்கு ஊதிவிட்டது.

வராந்தா முழுக்க எல்லோரும் காதில் கை வைத்துக் கண்ணை இறுக்கிக்கொண்டோம். கதவிடுக்கில் பெரிய டாக்டர் நிமிர்ந்து கடிகாரத்தைக் கழற்றுவது தெரிந்தது. சுமதி தூக்கிவாரிப்போட்டுச் சுற்றும் முற்றும் பார்த்தாள். எங்கள் முகங்களை ஒரு சுற்று பார்த்தாள். பிறகு நிதானமாகக் காதிலிருந்து குமிழைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு, நாங்கள் முடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.